‘லிங்க் ஆயிருக்கு, போங்க’ என்று இனி அனுப்பாதீர்கள்: வங்கி மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் கிளைகள் நடத்தும் வங்கிகளின் மண்டல மேலாளர்களுக்கும், மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர்களுக்கும்,

நூறு நாள் வேலைக் கூலி வரவில்லை என்று ஒரு பெண் உங்கள் கவுன்டருக்கு வந்தால், ஊழியர் திரையைப் பார்த்துவிட்டுச் சொல்வது பெரும்பாலும் இதுதான்: “ஆதார் லிங்க் ஆயிருக்கும்மா. கவர்மென்ட்ல இருந்துதான் பணம் வரல. பஞ்சாயத்துல போய்க் கேளுங்க.” பஞ்சாயத்தில் கேட்டால், “நாங்க அனுப்பிட்டோம், பேங்க்ல கேளுங்க” என்கிறார்கள். அவரவர் திரையில் தெரிவதை வைத்துப் பார்த்தால் இரண்டு பதிலும் பொய்யில்லை. ஆனால் பணம் வேறொரு வங்கிக்குப் போயிருக்கும், அல்லது திரும்பிப் போயிருக்கும். எங்கே போனது என்று தேடிச் சொல்வது யாருடைய வேலையும் இல்லை என்பதுபோல உங்கள் கிளைகள் நடந்துகொள்கின்றன. அது உங்கள் வேலை. கூலிக்கும் உதவித்தொகைக்கும் ஊர்களில் படிவம் நிரப்பிக் கொடுப்பவர்களும், திரும்பிப் போன பணத்தைத் தேடிக் கொடுப்பவர்களுமான நாங்கள் அதைச் சொல்லத்தான் இந்த மடலை எழுதுகிறோம்.

நூறு நாள் வேலைக் கூலியை ஆதார் வழியாக மட்டுமே அனுப்புவது என்பது 2024 ஜனவரி 1 முதல் கட்டாயமானது. அதற்கு முன் கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டையும் வைத்து அனுப்பும் வழியும் இருந்தது. எந்தக் கணக்குக்குப் பணம் போகிறது என்பது பஞ்சாயத்துக்கும் தெரியும், கூலிக்காரருக்கும் தெரியும். இப்போது அனுப்பப்படும் கோப்பில் கணக்கு எண்ணே கிடையாது. ஆதார் எண்ணும் தொகையும்தான் இருக்கும். அந்த ஆதார் எண்ணுக்கு எதிரே எந்த வங்கி பதிவாகியிருக்கிறது என்று, வங்கிகளுக்கு இடையே பணத்தைக் கொண்டு சேர்க்கும் தேசிய நிறுவனமான என்பிசிஐ, ‘மேப்பர்’ என்ற தன் பதிவேட்டில் பார்க்கும். அங்கேயும் கணக்கு எண் இருக்காது. வங்கியைக் காட்டும் ஆறிலக்க ஐஐஎன் மட்டும் இருக்கும். பணம் அந்த வங்கிக்கு வந்து சேர்ந்த பிறகு, அந்த ஆதாருக்கு உரியவரின் எந்தக் கணக்கில் வைப்பது என்பதை உங்கள் கோர் பேங்கிங் மென்பொருள்தான் முடிவு செய்கிறது.

ஆக மூன்று இடங்கள் சரியாக இருந்தால்தான் பணம் கைக்கு வரும். உங்கள் வங்கி அவருக்குக் கொடுத்த வாடிக்கையாளர் எண்ணில் ஆதார் ஏறியிருக்க வேண்டும். மேப்பரில் உங்கள் வங்கியின் பெயர் இருந்து, நிலை ‘ஆக்டிவ்’ என்று காட்ட வேண்டும். அவருக்கு உங்களிடம் ஒன்றுக்கு மேற்பட்ட கணக்கு இருந்தால், அரசுப் பணம் வர வேண்டிய கணக்கு எது என்று குறித்திருக்க வேண்டும். கவுன்டர் ஊழியர் ‘லிங்க் ஆயிருக்கு’ என்று சொல்வது இதில் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு. மற்ற இரண்டையும் பார்க்காமல் ஒருவரைத் திருப்பி அனுப்புவது தவறான தகவல் கொடுத்து அனுப்புவதுதான். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வங்கிக்கு வந்து போகிறவருக்கு அன்றைய கூலி போய்விடும். 2025-26-இல் அந்தக் கூலி 336 ரூபாயாக இருந்தது.

மேப்பரில் ஒரு ஆதாருக்கு ஒரு வங்கிதான் இருக்க முடியும். கடைசியாகப் பதிந்த வங்கி எதுவோ அதற்குத்தான் பணம் போகும். எங்களிடம் வரும் சிக்கல்களில் தீர்க்கக் கடினமானவை இதிலிருந்து பிறப்பவைதான்.

திருவண்ணாமலை, விழுப்புரம், தருமபுரிப் பக்கத்திலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ கோவை மில்லுக்கோ வேலைக்குப் போகும் பெண்ணுக்கு, சேர்ந்த கையோடு சம்பளக் கணக்கு தொடங்குகிறார்கள். கூட்டமாக உட்கார வைத்து ஆதார் நகலும் கையெழுத்தும் வாங்குகிறார்கள். அந்தப் படிவத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். வாரிசு நியமனப் பகுதிக்கும் ஏடிஎம் அட்டைக் கோரிக்கைக்கும் நடுவே பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும்: அரசு மானியங்களை இந்தக் கணக்கிலேயே பெற விரும்புகிறேன் என்று. எதிரே ஒரு கட்டம். பல படிவங்களில் அந்தக் கட்டத்தில் முன்கூட்டியே டிக் அடித்திருக்கிறது. அன்று இரவு வங்கியிலிருந்து என்பிசிஐக்குப் போகும் கோப்பில் அந்தப் பெண்ணின் மேப்பர் பதிவு ஊர் வங்கியிலிருந்து மில் ஊர் வங்கிக்கு மாறிவிடும். அவருக்குத் தெரியாது. ஊர் வங்கியும் சொல்வதில்லை. ஓராண்டு கழித்து வேலையை விட்டு ஊருக்கு வந்து நூறு நாள் வேலைக்குப் போனால், கூலி மில் ஊர்க் கணக்குக்குப் போய்க்கொண்டிருக்கும். அந்தக் கணக்கின் பாஸ்புக் அவரிடம் இருப்பது அரிது. ஏடிஎம் அட்டை பல நேரங்களில் அழைத்துப் போன ஏஜென்டிடம் இருக்கும். கணக்கோடு இணைத்த கைபேசி எண்ணும் ஏஜென்டுடையதாக இருந்தால் குறுஞ்செய்திகூட இவருக்கு வராது. எரிவாயு மானியமும் அதே கணக்குக்குத்தான் போகும்.

இப்படி நடக்கும் என்பது உங்களுக்குப் புதிய செய்தி அல்ல. 2017-இல் ஏர்டெல் பேமென்ட்ஸ் வங்கி, சிம் கார்டுக்கு ஆதார் சரிபார்ப்பு செய்யும்போதே வாடிக்கையாளருக்குத் தெரியாமல் கணக்குத் தொடங்கியதும், லட்சக்கணக்கானவர்களின் எரிவாயு மானியம் திசைமாறி அந்தக் கணக்குகளுக்குப் போனதும் நாடறிந்தது. தெளிவான ஒப்புதல் இல்லாமல் கணக்குத் தொடங்கியதற்காக ரிசர்வ் வங்கி 2018-இல் அதற்கு 5 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அந்த விவகாரத்தை ஒட்டித்தான், முந்தைய வங்கியின் பெயரைக் குறிப்பிட்டு வாடிக்கையாளர் தனியாக ஒப்புதல் கொடுக்காமல் மேப்பரை மாற்றக் கூடாது என்ற நடைமுறை வந்தது. காகிதத்தில் அது இருக்கிறது. முன்கூட்டியே அடித்த டிக்கை நீங்கள் ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ளும்வரை அந்த நடைமுறைக்கு உயிர் இல்லை.

நேர்மையாகவே மாற்றக் கேட்டு வருகிறவர் கதி என்ன? பாஸ்புக் நகல், ஆதார் நகல், ஒப்புதல் படிவம் மூன்றையும் கொடுத்துவிட்டுப் போகிறார். ‘முன்பு இணைத்திருந்த வங்கி’ என்ற இடத்தை ஊழியர் காலியாக விடுகிறார், அல்லது அந்தப் பெண்ணுக்கே எந்த வங்கி என்று தெரியவில்லை. கோப்பு போகிறது. வேறு வங்கியோடு ஏற்கெனவே இணைந்திருக்கிறது என்று மறுத்து பதில் கோப்பு வருகிறது. அந்தப் பதிலை வங்கியின் வட்டார அலுவலகத்தில் யாரோ இறக்கி வைக்கிறார்கள். கிளைக்கு அது வருவதில்லை. வந்தாலும் படிவம் கொடுத்தவரைக் கூப்பிட்டுச் சொல்ல யாரும் இல்லை. கொடுத்தவரோ இணைந்துவிட்டது என்று நம்பி அடுத்த கூலிக்குக் காத்திருக்கிறார். படிவத்துக்கு ஒப்புகைச் சீட்டு கொடுத்திருந்தால் அதைக் காட்டியாவது கேட்கலாம். பெரும்பாலான கிளைகள் அதையும் கொடுப்பதில்லை.

மேப்பர் நிலையை வாடிக்கையாளரே ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் பார்க்கலாமே என்று சொல்வீர்கள். பார்க்கலாம், வங்கியின் பெயர், நிலை, கடைசியாக மாறிய தேதி மூன்றும் அங்கே தெரியும். ஆனால் ஆதாரில் பதிந்த கைபேசிக்கு வரும் ஓடிபி இல்லாமல் உள்ளே போக முடியாது. ஆதார் எடுத்தபோது கொடுத்த எண் இன்று கையில் இல்லாத முதியவர்கள் எத்தனையோ பேர். எண்ணை மாற்ற அவர்களில் பெரும்பாலோர் ஆதார் மையத்துக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. என்பிசிஐயிடம் நிலையைக் கேட்டுப் பார்க்கும் வசதி உங்கள் வங்கிகளுக்கு இருக்கிறது. அதைக் கிளைத் திரையில் திறந்துவிட உங்களுக்கு என்ன தடை?

உங்கள் வங்கிக்குள்ளேயே நடக்கும் தவறுகளும் உண்டு. ஒரே ஆளுக்கு இரண்டு வாடிக்கையாளர் எண்கள் இருக்கும். வங்கிகள் இணைந்தபோது இது அதிகமாகிவிட்டது. சிண்டிகேட் வங்கியில் ஒரு கணக்கும் கனரா வங்கியில் ஒரு கணக்கும் வைத்திருந்தவர், 2020 ஏப்ரலுக்குப் பிறகு ஒரே வங்கியின் இரண்டு வாடிக்கையாளர்களாக ஆகியிருக்க முடியும். அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடு சேர்ந்தபோதும், பாண்டியன், பல்லவன் கிராம வங்கிகள் 2019-இல் தமிழ்நாடு கிராம வங்கி ஆனபோதும் இதற்கு இடம் இருந்தது. ஆதார் ஒரு எண்ணில் இருக்கும். அவர் கையில் வைத்திருக்கும் பாஸ்புக் இன்னொன்றுக்கு உரியது. பணம் உங்கள் வங்கிக்கே வந்திருந்தும் இரண்டாவது கணக்கில் தூங்கிக்கொண்டிருக்கும். ஆதார் எண்ணை வைத்துத் தேடிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஊழியர் பாஸ்புக்கில் இருக்கும் கணக்கு எண்ணை வைத்து மட்டும் தேடுகிறார்.

பெயர்ச் சிக்கல் நம் ஊருக்கே உரியது. வேலை அட்டையில் ‘மு. லட்சுமி’, ஆதாரில் ‘லெட்சுமி முருகேசன்’, பாஸ்புக்கில் ‘லக்ஷ்மி எம்’. முன்னெழுத்துப் பழக்கத்தை அறியாதவர்கள் வடிவமைத்த மென்பொருளுக்கு இவர்கள் மூன்று பேர். இதைத் திருத்தச் சொல்லி ஆதார் மையத்துக்கும் பஞ்சாயத்துக்கும் வங்கிக்கும் அலைய விடுவதற்கு முன், எது எதோடு பொருந்த வேண்டும் என்று ஒரே தடவையில் சொல்லுங்கள். ஆதாரில் உள்ளபடி வேலை அட்டையையும் பாஸ்புக்கையும் திருத்தினால் போதும். பல ஊர்களில் நேர்மாறாக, சரியாக இருந்த ஆதாரை மாற்றச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அப்படி மாற்றினால் ரேஷன் அட்டையில் புதிய சிக்கல் முளைக்கிறது.

அடுத்து, கேஒய்சி, அதாவது வாடிக்கையாளரின் அடையாள, முகவரிச் சரிபார்ப்பு, காலாவதி என்று கணக்கை முடக்குவது. ஜன் தன் கணக்குகள் 2014 ஆகஸ்ட் 28-இல் தொடங்கின. ஆபத்துக் குறைந்த வாடிக்கையாளர்களுக்குப் பத்தாண்டுக்கு ஒரு முறை கேஒய்சி புதுப்பிக்க வேண்டும் என்பதால், 2024-லிருந்து அவை வரிசையாகத் தவணைக்கு வந்தன. கணக்கை நீங்கள் இரண்டு வகையில் முடக்குகிறீர்கள். ஒன்றில் பணம் உள்ளே வரும், எடுக்க முடியாது. மற்றொன்றில் வரும் பணமே திரும்பிப் போய்விடும். எந்த வகை என்று பாஸ்புக்கில் எழுதித் தருவதில்லை. மாதாமாதம் வரும் முதியோர் உதவித்தொகையில் மருந்து வாங்குகிறவரின் கணக்கை முன்னறிவிப்பு இல்லாமல் முடக்குவது எந்தப் பாதுகாப்புக்காக?

ரிசர்வ் வங்கி இதில் உங்கள் பக்கம் இல்லை. 2024 டிசம்பர் 2 சுற்றறிக்கையில், அரசுப் பணம் பெறுவோரின் கணக்குகள் கேஒய்சி நிலுவையால் முடங்கிக் கிடப்பதைக் குறிப்பிட்டு, அவற்றை உடனே குறைக்கச் சொன்னது. 2025 ஜூன் விதித் திருத்தத்தில், ஆபத்துக் குறைந்த வாடிக்கையாளர்களுக்கு எல்லாப் பரிவர்த்தனைகளையும் அனுமதித்துக்கொண்டே, தவணை வந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள், அல்லது 2026 ஜூன் 30-க்குள், இரண்டில் எது பிந்தியதோ அதற்குள் புதுப்பிக்கச் சொன்னது. தவணைக்கு முன் குறைந்தது மூன்று அறிவிப்பு, அதில் ஒன்றாவது கடிதமாக இருக்க வேண்டும். ஊரில் இருக்கும் வங்கி முகவரே இதைச் செய்யலாம் என்றும் அனுமதித்தது. அரசு உதவி பெறுவதற்கான ஜீரோ பேலன்ஸ் கணக்குகளை, இரண்டாண்டு பரிவர்த்தனை இல்லை என்ற காரணத்துக்காகச் செயலற்றவை ஆக்கக் கூடாது என்று 2024 ஜனவரி 1 சுற்றறிக்கையே சொல்லிவிட்டது. 2025 ஜூலை முதல் செப்டம்பர் வரை பஞ்சாயத்துகளில் கேஒய்சி முகாம் நடத்தினீர்கள். நல்ல காரியம். ஆனால் எங்கள் பகுதி முகாம்களில் படிவம் வாங்கும் மேசை இருந்ததே தவிர, மேப்பர் நிலையைப் பார்த்துச் சொல்லும் மேசை இல்லை. ஊரே திரண்டு வந்த அந்த வாய்ப்பு வீணாகிவிட்டது.

உங்களில் பலர் வெளியே சொல்லாத இன்னொரு விதி, 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கையில் இருக்கிறது. ஆதார் வழி வந்த பணத்தைப் பயனாளியின் கணக்கில் சேர்க்காமல் பெற்ற வங்கி வைத்திருந்தால், மறுநாளுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. வங்கி முகவரின் கைரேகை இயந்திரத்தில் பணம் எடுக்கும்போது, கணக்கில் கழிந்தும் கைக்கு வராமல் போனால் ஐந்து நாளுக்குள் சரி செய்ய வேண்டும்; அதற்கு மேல் அதே 100 ரூபாய். இதை வாடிக்கையாளர் புகார் கொடுக்கும்வரை காத்திராமல் வங்கியே தர வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் வேலை உறுதிச் சட்டத்தில், கூலி தாமதத்துக்கு இழப்பீடு நாளொன்றுக்கு 0.05 சதவீதம்தான். ஆறு நாள் கூலி 2,016 ரூபாய்க்கு அது நாளொன்றுக்கு ஒரு ரூபாய். அந்த ஒரு ரூபாயையே பார்க்காதவர்களுக்கு 100 ரூபாய் விதி இருப்பதே தெரியாது.

கைரேகை இயந்திரத்தைப் பற்றி ஒன்று. நாற்று நட்டும் சுண்ணாம்பு கலக்கியும் தேய்ந்த விரலை இயந்திரம் ஏற்பதில்லை. “ரேகை விழல, இன்னொரு தடவை வைங்க” என்று முகவர் சொல்லும்போது, முதல் தடவையே பணம் கழிந்திருக்கக் கூடும். அச்சிட்ட சீட்டு கொடுத்தால் அதில் பன்னிரண்டு இலக்கக் குறிப்பு எண்ணும் மீதி இருப்பும் இருக்கும்; எதையும் தேடிவிடலாம். சீட்டு ரோல் தீர்ந்துவிட்டது என்பதே பல முகவர்களின் நிரந்தர பதில். ரோலுக்கான செலவை முகவர் தன் கமிஷனிலிருந்து எடுக்க வேண்டியிருப்பதுதான் காரணம். அதை நீங்கள் கொடுங்கள்.

2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை முதன்முதலாக வந்தபோது, அந்த 1,000 ரூபாயிலிருந்து குறைந்தபட்ச இருப்பு அபராதத்தைச் சில வங்கிகள் பிடித்துக்கொண்டதை இந்த மாநிலம் மறக்கவில்லை. 2025-இல் பல பொதுத்துறை வங்கிகள் அந்த அபராதத்தைக் கைவிட்டன. எல்லா வங்கிகளும் கைவிடவில்லை. குறுஞ்செய்திக் கட்டணமும் அட்டைக் கட்டணமும் அப்படியே இருக்கின்றன.

உங்களிடம் நாங்கள் கேட்பவை இவை.

பணம் வரவில்லை என்று வருகிறவரை மேப்பர் நிலையைப் பார்க்காமல் எந்தக் கிளையும் திருப்பி அனுப்பக் கூடாது. எந்த வங்கி, ஆக்டிவா இல்லையா, எந்தத் தேதியில் மாறியது என்பதைத் தமிழில் ஒரு சீட்டில் எழுதி, கிளை முத்திரையோடு கொடுக்க வேண்டும். பணம் உங்கள் வங்கிக்கு வந்து திரும்பியிருந்தால் திரும்பிய காரணமும் அதில் இருக்க வேண்டும். ஆதார் இணையவில்லையா, கணக்கு மூடியதா, முடங்கியதா, கேஒய்சி நிலுவையா என்று காரணம் உங்கள் கோப்பில் குறியீடாக இருக்கவே செய்கிறது. இந்தச் சீட்டு இல்லாமல் வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் வேலை நகராது. இணைப்பைச் சரி செய்தால் மட்டும் திரும்பிய கூலி தானாக வந்துவிடாது. அந்த அலுவலகத்தில் பணப் பட்டுவாடா ஆணையை மறுபடியும் உருவாக்க வேண்டும். உதவித்தொகை என்றால் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் போக வேண்டும். எங்கே போக வேண்டும் என்பதையும் சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள்.

மேப்பர் மாற்றத்துக்கு ஒரே பக்கத்தில் தமிழில் தனிப் படிவம் வேண்டும். கணக்குத் தொடங்கும் படிவத்துக்குள் அதைப் புதைக்கக் கூடாது. முன்கூட்டியே டிக் அடிக்கக் கூடாது. கம்பெனிகளில் மொத்தமாகத் தொடங்கும் சம்பளக் கணக்குகளில் இந்த ஒப்புதலை வாங்கவே கூடாது; மாற்ற விரும்புகிறவர் பிறகு தாமே கிளைக்கு வந்து கேட்கட்டும். படிவம் வாங்கினால் ஒப்புகைச் சீட்டு, மாறினாலும் மறுக்கப்பட்டாலும் தமிழில் குறுஞ்செய்தி. மறுக்கப்பட்டவர்களின் பட்டியல் தினமும் கிளை மேலாளரின் மேசைக்கு வர வேண்டும். ஒருவரின் பதிவு உங்கள் வங்கியை விட்டுப் போகும்போது, போகிறது என்று நீங்களும் அவருக்குச் சொல்ல வேண்டும்.

கூலியும் உதவித்தொகையும் வரும் கணக்குகளில் கேஒய்சிக்காகப் போட்ட முடக்கங்களை எடுங்கள். இரட்டை வாடிக்கையாளர் எண்களைத் தேடிச் சேர்க்க ஆளை ஒதுக்குங்கள். அரசுப் பணம் மட்டுமே வரும் கணக்குகளை, குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்குகளாக மாற்றி, அவற்றில் பிடித்த கட்டணங்களைத் திருப்பிக் கொடுங்கள். கூலிப் பணத்தைப் பழைய கடன் பாக்கிக்கு வரவு வைக்காதீர்கள். சீட்டு அச்சிடாத முகவர் இயந்திரத்தை இயக்க அனுமதிக்காதீர்கள்.

2019 சுற்றறிக்கையின் 100 ரூபாய் விதியை ஒவ்வொரு கிளையிலும், ஒவ்வொரு முகவர் மையத்திலும் தமிழில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், 14448 என்ற எண்ணில் கேட்கலாம் என்பதையும் அதன் கீழேயே எழுதுங்கள்.

ஒன்றிய, மாநில ஊரக வளர்ச்சித் துறைகளுக்கும் இதே கடிதத்தின் வழி ஒரு கோரிக்கை. வேலைத் திட்டத்தின் பெயரோ சட்டமோ எப்படி மாறினாலும், ஆதார் வழி ஒரு முறை பணம் திரும்பியவருக்கு அடுத்த கூலியைக் கணக்கு எண் வழியாக அனுப்பும் பாதையைத் திறந்து வையுங்கள். செய்த வேலைக்கான கூலி, மென்பொருள் சரியாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

முன்னோடி வங்கி மேலாளர்களே, ஒவ்வொரு வட்டாரத்திலும் திரும்பிப் போன பணத்தின் எண்ணிக்கையை வங்கி வாரியாக, காரணம் வாரியாக, அடுத்த வட்டார வங்கியாளர் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் முதல் பொருளாக வையுங்கள். கூட்டத்துக்கு வேலை அட்டை வைத்திருக்கும் இருவரையாவது அழையுங்கள். தேதியை ஒரு வாரம் முன்னதாகப் பஞ்சாயத்து அலுவலகங்களில் ஒட்டுங்கள். தீராத பெயர்களின் பட்டியலோடு, உரியவர்களின் ஒப்புதல் கடிதத்தோடு நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
ஊர்களில் படிவம் நிரப்பிக் கொடுப்போர்